மாடெல்லாம் உள்ளுக்கோ?

மகன்,

போன கிழமை நீ போன் எடுத்தபோது நான் உன்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. திருப்பி எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் போனில் கதைக்க வராது என்பது உனக்குத் தெரியும். உன் குரலைக் கேட்டவுடன் பாதி மறந்துபோகும், மிச்சப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கும். அதனால் எழுதுகிறேன். நீண்டு போனாலும் ஆறுதலாக இருந்து வாசி.

அன்று என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாசி மாதத்து வெயில். வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. மாடுகளை வெளியில் கட்டிவிட்டு, தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றேன். போன் அடித்தது. உன் பெயர். எடுப்பதற்கு முன்னமே நான் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்திவிட்டேன்: "பிலோமினாக்கா, மாட்டை அவிட்டுக்கொண்டு ஓடி வாங்கோ! இடி வருது!" பக்கத்து வீட்டு பிலோமினாக்கா வானத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று சிவலைப் பசுவின் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினா. நான் போனைக் காதில் வைத்து, "எவ்வளவு தூரத்தில?" என்று கேட்டேன். நீ, "என்னம்மா தூரத்தில?" என்றாய். "இடி" என்றேன். நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தினாய். "இடி இல்லையம்மா. நான் கலியாணம் கட்டப் போறன்."

நான் "ஓம்" என்றேன். பிறகு, "சாப்பிட்டிட்டியோ?" என்று கேட்டேன். மகன் கலியாணம் என்று சொல்கிறான், தாய் கேட்கிற கேள்வியைப் பார். நீ போனை, கட்டப் போகிற அந்தப் பிள்ளையிடம் கொடுத்தாய். இங்கிரிட் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, "அம்மா, மாடெல்லாம் உள்ளுக்கோ?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, எல்லாம் உள்ளுக்குத்தான்" என்றேன். அந்த நேரம் ஒரு மாடும் உள்ளே இல்லை. சிவலைப் பசு காலை ஊன்றிக்கொண்டு வர மாட்டேன் என்று நிற்க, பிலோமினாக்கா அதை ஏசிக்கொண்டிருந்தா. நீ திரும்ப வந்து, "ஆனியில வருவியளோ அம்மா?" என்றாய். நான் "பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று முழுக்க அந்தப் பிள்ளையின் குரல் காதுக்குள் நின்றது. அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று நீ சொன்னாய். யாரும் படிப்பிக்காமல், நீ சொல்லக் கேட்டுக் கேட்டுத் தானாகப் பிடித்துக்கொண்டதாம். நீ எத்தனை தரம் சொல்லியிருந்தால் அது ஒரு பிள்ளையின் வாயில் அப்படி ஒட்டும் என்று யோசித்தேன். நீ என்னிடம் வேறு எதையும் அத்தனை தரம் கேட்டதில்லை என்றும் யோசித்தேன்.

இதை எங்கிருந்து தொடங்குவது? உன் அப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாம் இரண்டு பேரும் அவரைப் பற்றிக் கதைக்காமலே இவ்வளவு காலத்தையும் கடத்திவிட்டோம். நீ கலியாணம் கட்டும்போதாவது உன் வீட்டில் அவருடைய பேச்சு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அன்று ஐப்பசி மாதத்து மத்தியானம். உனக்குப் பதினொரு வயது. அப்பா மேற்குக் கரையில் முழங்காலளவு தண்ணீரில் வலையை இழுத்துக்கொண்டு நின்றார். நீ கரையில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாய். தலைக்கு மேல் வெயில். இராமேஸ்வரம் பக்கம் மட்டும், கடலும் வானமும் சேருகிற இடத்தில், கறுப்பாக ஒரு மேகம் கிடந்ததாம். அது எங்கேயோ கிடந்த மேகம். அதிலிருந்து இங்கே வரை ஒரு இடி வரும் என்று யார் நினைப்பார்கள்? எனக்கு வீட்டில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன், மழையில்லை. அடுப்பில் கிடந்ததைப் பார்க்கத் திரும்பிப் போனேன். பிறகு ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் கரைக்குப் போனபோது நீ தண்ணீருக்குள் இருந்து, அப்பாவின் தலையை உன் மடியில் தாங்கி, தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாய். பெரியவர்கள் வந்து எடுத்த பிறகும் நீ கைகளை அப்படியே வைத்திருந்தாய்.

சனம் பல மாதிரிக் கதைத்தது. வெறும் வானத்திலிருந்து இடி விழுந்தால் அது கடவுளின் கோபம் என்றார்கள். அப்பா என்ன பாவம் செய்தார் என்று செத்த வீட்டுக்குள்ளேயே குசுகுசுத்தார்கள். அதை நீ கேட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொன்றாம் நாள் நினைவு முடிந்த இரவு நீ என்னிடம், "அம்மா, அது எந்த முகிலில இருந்து வந்தது?" என்று கேட்டாய். "படு மோனை" என்றேன். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் நீ பள்ளிக்கூடம் போனாய், கொழும்புக்குப் போனாய், பிறகு மின்னல் ஆராய்ச்சிக்கு நோர்வே வரை போனாய் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் விளங்கியது.

உன்னை யாழ்ப்பாணத்தில் விடுதியில் சேர்த்தது நான். கடல் உன்னையும் எடுத்துவிடும் என்று பயந்தேன். குறிகட்டுவான் துறையில் பஸ் ஏற்றிவிட்டு, அது புங்குடுதீவு வீதியில் மறையும் வரை நின்று பார்த்துவிட்டு வள்ளத்தில் தீவுக்குத் திரும்பினேன். அந்தப் பயணம் ஒவ்வொரு தவணையும் நடந்தது. ஒவ்வொரு தரமும் நீ கொஞ்சம் உயர்ந்திருப்பாய், கொஞ்சம் குறைவாகக் கதைப்பாய். கடலிலிருந்து உன்னைத் தூரமாக்க வேண்டும் என்று நான்தான் நினைத்தேன். ஆனால் எவ்வளவு தூரம் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை, மகன்.

பிறகு நீ நோர்வேயிலிருந்து ஒரு கருவியோடு வந்து இறங்கிய விடுமுறை. உன் சூட்கேசைத் திறந்தால் எனக்குச் சீலை இருக்கும் என்று பிலோமினாக்கா வந்து நின்றா. உள்ளே கம்பி சுற்றிய இரண்டு தடியும், ஒரு பெட்டியும், வயரும், பற்றரியும் இருந்தன. நீ ஏணி வைத்து ஏறி, தாழ்வாரத்துக்கு வெளியே பிளாஸ்ரிக் குழாய்க்குள் அந்தத் தடிகளை வைத்துப் பூட்டினாய். உன் பெரிய மாமா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு சண்டை பிடித்தார். "புத்தி கெட்டவனே, கொப்பனை இடி கொண்டு போனது காணாதோ? கொம்மா இருக்கிற வீட்டுக் கூரையில கம்பி கட்டுறியே!"

"மாமா, இது இடியை இழுக்காது. கேக்கிறது மட்டும்தான்" என்றாய். "நீங்கள் றேடியோவில கிரிக்கெட் கேக்கேக்க, எங்கயாவது மின்னினா கரகரவெண்டு சத்தம் வருமெல்லோ? அந்தச் சத்தத்தைத்தான் இது கேக்குது. கனதூரத்தில விழுறதையும் கேக்கும்."

"கேட்டு?"

"எப்ப கேட்டதெண்டு நேரத்தைக் குறிச்சு அனுப்பும். மண்டைதீவில என்ர சிநேகிதன்ர வீட்டிலயும் ஒண்டு வைச்சிருக்கிறன். இந்தியாப் பக்கத்திலயும் ஆக்கள் வைச்சிருக்கினம். கிட்ட இருக்கிறதுக்கு முதல் கேக்கும், தூர இருக்கிறதுக்குப் பிந்திக் கேக்கும். கண் மூடித் திறக்கிறதுக்கும் குறைஞ்ச வித்தியாசம்தான். ஆனா அந்த வித்தியாசத்தை வைச்சு எங்க விழுந்ததெண்டு கணக்குப் போடலாம். ஒரு கருவி மட்டும் கேட்டா இடம் சொல்ல ஏலாது. நாலைஞ்சு சேர்ந்து கேக்க வேணும்."

மாமா ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அப்ப தனிய இருந்து கேட்டு ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு சொல்லு" என்றார். கருவியைத்தான் சொன்னார். ஆனால் நீ ஏணியில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் பானையைக் கழுவுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீ போன பிறகுதான் உன் போன் வரத் தொடங்கியது. எங்கள் தீவைச் சுற்றி ஒரு வட்டம் கீறி வைத்திருக்கிறாய் என்றும், அந்த வட்டத்துக்குள் ஒரு மின்னல் விழுந்தால் உன் போன் கத்தும் என்றும் சொன்னாய். அது கத்தினால் நீ எனக்கு எடுப்பாய். "அம்மா, மாடெல்லாம் உள்ளுக்கோ?" அதுதான் முதல் கேள்வி. பிறகு எந்தப் பக்கம் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, மரத்துக்குக் கீழே நிற்க வேண்டாம், வயர் பிளக்குகளைக் கழற்ற வேண்டும். சொல்லி முடிய வைத்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் "சுகமோ" என்று எழுதி அனுப்புவாய். நான் "சுகம்" என்று அனுப்புவேன். உன்னைக் குறை சொல்லவில்லை. உன் அப்பாவும் அப்படித்தான். என் மேல் இருந்த அன்பையெல்லாம் கூரைக்கு ஓலை மாற்றுவதிலும், கிணற்றடிக்குக் கல்லுப் பதிப்பதிலும் காட்டினார். வாயால் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று நடந்தது. இடியைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே போய் ஒளிக்கிற நான், இடியை எதிர்பார்த்திருக்கத் தொடங்கினேன். சித்திரையில் பின்னேரங்களில் மேகம் கூடினால் என் மனம் துள்ளும். போனை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் நிற்பேன். மேகம் கலைந்து போய்விட்டால் எனக்கு அழுகை வரும். என் புருசனைக் கொன்ற இடி வராதோ என்று ஏங்குகிற பெண்ணாக நான் மாறிவிட்டேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். சுவாமியார் என்ன நினைப்பார் என்று சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இனி போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதைக் கொம்பியூட்டர் படத்தில் புள்ளிகளாகப் பார்த்தாய், நான் துறைமுகத்தடியில் நின்று பார்த்தேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளை சுகந்திக்கு நாளுக்கு முன்னமே நோவு கண்டுவிட்டது. தலைப்பிள்ளை. இங்குள்ள ஆசுப்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே யாழ்ப்பாணம் கொண்டு போகச் சொன்னார்கள். குறிகட்டுவானுக்குப் போகிற மாமாவின் வள்ளத்தில் அவளை ஏற்றினார்கள். அந்த நேரம்தான் உன் போன் வந்தது. "மாடெல்லாம் உள்ளுக்கோ?" என்றாய். "வெயில் எறிக்குது மோனை" என்றேன். "கச்சதீவுக்கு அங்கால விழுந்துகொண்டு வருது அம்மா. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. எல்லாம் ஒரே பக்கம்தான் நகருது. எங்கட பக்கம்." நான் மாமாவின் வள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். நீ, "ஓடுங்கோ அம்மா" என்றாய்.

பிலோமினாக்காவின் மகனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறி ஓடினேன். வள்ளத்தின் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. "அண்ணை, வெளிக்கிடாதேங்கோ!" என்று கத்திக்கொண்டே போனேன். மாமா, "என்ன தங்கச்சி, இந்த வெயிலுக்குள்ள?" என்றார். "என்ர மகன் எடுத்தவன். இடி வருதாம்." மாமா வானத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நீலமாக இருந்தது. சுகந்தியின் புருசன் என் முன்னால் வந்து நின்றான். "அக்கா, அவள் கிடந்து துடிக்கிறாள். உங்கட மகன் நோர்வேயில இருந்துகொண்டு எங்கட வானத்தைப் பாக்கிறாரோ?" அவனில் பிழையில்லை. என் மகள் அப்படிக் கிடந்திருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நான் போனை மாமாவிடம் கொடுத்து, சத்தத்தைக் கூட்டி விட்டேன்.

"மாமா, குறிகட்டுவானுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு மணித்தியாலம். இண்டைக்குக் காத்தில்லை, கொஞ்சம் முந்தியும் போவன்."

"ஏலாது மாமா. நீங்கள் நடுக்கடலில நிக்கேக்க அது உங்கட தலைக்கு மேல நிக்கும்."

"நீ சொல்லுறது பிழைச்சுப் போனா?"

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. சுகந்தி முனகினாள். "பிழைச்சா அந்தப் பிள்ளைக்கு நேரம் வீணாப் போகும். அது எனக்குத் தெரியும் மாமா. ஆனா வெளிக்கிடாதேங்கோ." உன் குரல் உறுதியாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் இருந்த நடுக்கம் எனக்கு மட்டும் கேட்டது. மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார்.

அவளைத் தூக்கி, ஆட்கள் காத்திருக்கிற கட்டடத்துக்குள் கொண்டு போய்க் கிடத்தினோம். கூட வந்த தாதி பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டா. புருசன்காரன் வாசலில் நின்று வெயிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. கடவுளே, கெதியாக இருட்டட்டும் என்று மன்றாடினேன். அப்படியொரு மன்றாட்டு அந்தத் துறைமுகத்தில் யாரும் மன்றாடியிருக்க மாட்டார்கள். முதலில் குளிர்காற்று ஒன்று வந்தது. பிறகு தென்மேற்கில் வானம் கறுத்தது. பிறகு கறுப்பு எங்களுக்கு மேலே வந்து நின்றது. கடலுக்குள், மாமாவின் வள்ளம் போகிற பாதையிலேயே, ஒன்று இறங்கியது. கண் இருண்டு போனது. இன்னொன்று. கட்டடத்துக்குப் பின்னால் நின்ற பனையில் விழுந்தபோது எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டோம். மழைக்குள் பனையின் உச்சி வட்டு புகைந்தது. சுகந்தியின் புருசன் அதைப் பார்த்துக்கொண்டு, வாயைக் கையால் மூடியபடி நின்றான்.

அதோடு முடியவில்லை. சுகந்திக்கு நோவு கூடிக்கொண்டு வந்தது. தாதி என்னிடம் மெல்ல, "கனநேரம் வைச்சிருக்க ஏலாது அக்கா" என்றா. நீ போனில் சொன்னாய், பின்னால் இன்னொரு கூட்டம் வருகிறது, இரண்டுக்கும் இடையில் கடல் வெறுமையாகக் கிடக்கிறது என்று. "நான் சொல்லேக்க வெளிக்கிட வேணும் மாமா. உடன வெளிக்கிட வேணும்." நாங்கள் போனைச் சுற்றி நின்றோம். மழை விடவில்லை, வானம் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. "இப்ப போங்கோ" என்றாய். மாமா இந்தத் தரம் வானத்தைப் பார்க்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சுகந்தியைத் தூக்கி ஏற்றச் சொல்லி, கயிற்றை அவிழ்த்தார்.

வள்ளம் மழைக்குள் மறைந்தது. நான் நனைந்துகொண்டு நின்றேன். "போனை வைக்கட்டோ?" என்று கேட்டேன். "வைக்காதேங்கோ அம்மா" என்றாய். அதன் பிறகு நடந்ததைத்தான் நான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நீ விழுவதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். "ஒண்டு விழுந்தது. தூர." "இன்னொண்டு. அது நயினாதீவுக்கு வடக்கால, பயமில்லை." இடையில் ஒன்றும் விழாதபோது நமக்குக் கதைக்க வேறொன்றும் இல்லை. ஆனால் வைக்கவும் ஏலாது. அப்போது நீ கேட்டாய்: "அம்மா, அண்டைக்கு அப்பா என்ன சாப்பிட்டுட்டுப் போனவர்?"

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. "புட்டும் முதல்நாள் மீன்குழம்பும். கொஞ்சம் மிச்சம் வைச்சவர். வந்து சாப்பிடுறன், பூனைக்குப் போட்டிடாதை எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

"போட்டனீங்களோ?"

"இல்லை. ரெண்டு நாள் மூடி வைச்சிருந்தனான். பேந்து உன்ர மாமி எடுத்து எறிஞ்சவ."

மழைச் சத்தம். பிறகு, "அப்பா விழேக்க நான் சிரிச்சனான் அம்மா" என்றாய். "அவர் பகிடி விடுறார் எண்டு நினைச்சனான். தண்ணிக்குள்ள விழுந்து எனக்குப் பகிடி காட்டுறவரெல்லோ. எழும்புவார் எழும்புவார் எண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டனான்."

மகன், அதை நீ அத்தனை வருசம் உனக்குள் வைத்திருந்தாய். அந்த நேரத்தில் நீ என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். உன் தலையை இழுத்து என் தோளில் வைத்திருப்பேன். போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அவர் பகிடிக்காரன்தான் மோனை. நீ சிரிச்சதைக் கேட்டுக்கொண்டுதான் போயிருப்பார்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஒரு மனுசன் இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்டது தன் பிள்ளையின் சிரிப்பு என்றால், அவரைக் கடவுள் தண்டித்தார் என்று யார் சொல்ல முடியும்?

பிறகு துறைமுகத்தடியில் யாரோ, "சேந்திட்டினமாம்! சேந்திட்டினமாம்!" என்று கத்தினார்கள். உனக்கும் அது கேட்டது. நீ மூக்கை உறிஞ்சினாய். "சரியம்மா, எனக்கு வேலை கிடக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் வீடு வரும் வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சுகந்திக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்ததும், தாயும் பிள்ளையும் சுகமாக வந்ததும் உனக்குச் சொன்னேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. புருசன்காரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று அன்று கேட்டதற்காக ஏதோ சொல்லத் தொடங்கினான். நான் விடவில்லை. பிள்ளையை வாங்கி மடியில் வைத்தேன். அவன் தாழ்வாரத்தில் இருந்த குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "உங்கட மகன் எப்ப ஊருக்கு வருவார்?" என்று கேட்டான். "வருவான்" என்றேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது.

அன்றிலிருந்து கடலுக்குப் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் என்னிடம் வந்து, "மகன் எடுத்தவரோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்த மணித்தியாலத்துக்குப் பிறகு நீ அப்படிக் கதைக்கவில்லை. மார்கழி போனது, தை போனது. மழை ஓய்ந்தது, மின்னலும் ஓய்ந்தது. உன் போனும் ஓய்ந்தது. ஒருநாள் பிலோமினாக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னா: "அந்தப் பெட்டியின்ர பிளக்கைக் கழட்டி விடடி. கருவி வேலை செய்யேல்ல எண்டு ஓடியடிச்சு எடுப்பான்." நான் சிரித்தேன். அவ போன பிறகு உள்ளே போய்ப் பெட்டியின் முன்னால் நின்றேன். பிளக்கில் கையும் வைத்தேன். பிறகு, மண்டைதீவில் இருக்கிறதும் இந்தியாவில் இருக்கிறதும் எங்கள் கருவி கேட்கும் என்று நம்பிக்கொண்டிருக்கின்றன அல்லவா என்று நினைவு வந்தது. யாருடைய புருசனோ கடலில் நிற்பான். கையை எடுத்துவிட்டேன். அதற்கு இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான், வெட்ட வெயிலில் உன் போன் வந்தது.

கலியாணம் கட்டப் போகிற பிள்ளைக்குத் தாய் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஆபத்து வரும்போது மனுசரைக் காப்பாற்ற உனக்கு நன்றாகத் தெரியும். அதை நீ பதினொரு வயதிலிருந்து செய்துகொண்டிருக்கிறாய். ஒன்றும் நடக்காத நாளில் ஒருவருக்குப் பக்கத்தில் சும்மா இருப்பதுதான் உனக்குப் பழக்கமில்லை. இங்கிரிட்டுக்கு அதைப் பழகு. வேலையால் வந்தால் அன்று என்ன கண்டாய், யார் என்ன சொன்னார்கள், என்ன பகிடி நடந்தது என்று சொல். உன் அப்பாவோடு பன்னிரண்டு வருசம் இருந்தேன். அவர் என்னைப் பட்டினி போடவில்லை, அடிக்கவில்லை, நோய் என்றால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஆனால் பின்னேரம் வாசலில் இருந்து கடலைப் பார்க்கும்போது அவர் என்ன யோசித்தார் என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். அந்த ஒன்றுமில்லையைத்தான் நான் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையை அப்படித் தேட விடாதே. அப்பா விழுந்தபோது சிரித்ததை அவளுக்குச் சொல்லியிருக்கிறாயோ தெரியாது. சொல்லாவிட்டால் சொல். அவள் அதைத் தாங்குவாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் எங்கள் மாட்டைப் பற்றிக் கேட்கப் பழகினவள் அல்லவா.

அவளுக்கு வேறு தமிழும் சொல்லிக் கொடு. "சாப்பிட்டியளோ", "என்ன செய்யிறியள்", "இண்டைக்கு என்ன கறி". இடி மின்னல் இல்லாத சொற்களாக இருக்கட்டும்.

இனி நீ கேட்டதற்குப் பதில். நான் வருவேன். மாமா என்னைப் பாஸ்போர்ட் எடுக்கக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். மாடுகளைப் பிலோமினாக்கா பார்ப்பா. கருவியை மாமா பார்ப்பார். இப்போதே ஏணி வைத்து ஏறி, குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதோ என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். குளிருக்கு என்ன உடுப்பு வேண்டும் என்று எழுதி அனுப்பு. அங்கேயே இருந்துவிடச் சொல்லிக் கேட்காதே. கேட்டால் எனக்கு மறுக்கக் கஷ்டமாக இருக்கும், மறுக்கத்தான் வேண்டும். இங்கே உன் அப்பா இருக்கிறார்.

கலியாணம் முடிந்த பிறகு ஒருநாள் என்னை நீ வேலை செய்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போ. நீ இருந்து பார்க்கிற கதிரையில் நீயே இரு, நான் பக்கத்தில் நிற்கிறேன். அந்தப் படத்தைத் திறந்து எங்கள் தீவைக் காட்டு. அது எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஆனி மாதத்தில் இங்கே அநேகமாக ஒன்றும் விழாது, வெறும் கடலாகத்தான் கிடக்கும். இத்தனை வருசமாக நீ அந்தப் புள்ளியைப் பார்க்கும்போது உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நான் அங்கே இல்லாமல், உன் பக்கத்தில் நிற்கும்போது, நீ அதைப் பார்க்கிற முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

உன் அம்மா